குரங்குத் தோளும் காண்டாக் கம்பும்

ஸ்காட்லாந்து போய் வந்து மூன்று வாரமாகிறது. அங்கே விஸ்கி ஆலை பார்த்த படங்களைப் போட்ட நாளிலிருந்து வாட்சப்பில் இரண்டே கேள்விதான். ஒன்று, "எத்தனை போத்தல் கொண்டு வந்தீங்க அண்ணே?" இன்னொன்று பெரியம்மா மகன் கேட்டது: "உங்கப்பா குடிச்சது பத்தாதா, நீங்க வேற பிளேன் ஏறிப் போய் குடிக்கணுமா?" முதல் கேள்விக்குப் பதில், ஒரே ஒரு போத்தல், அதுவும் விரல் நீளம்தான். இரண்டாவதுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மகளும் மருமகனும் அபர்டீனில் இருக்கிறார்கள். மருமகன்தான் ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு டஃப்டவுனுக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் பார்லி வயல், ஆடு, தூறல். மலேசியாவில், கெடாவில் இருக்கும் நம்ம பீடோங் கடைத்தெருவோடு வைத்துப் பார்த்தால் அது சின்ன ஊர்தான், ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் விஸ்கி ஆலை. காலையில் கிளென்ஃபிடிக். வில்லியம் கிராண்ட் என்பவர் தன் ஒன்பது பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கட்டிய ஆலை அது. கார்டூ ஆலை கழித்துப்போட்ட பழைய கொதிகலன்களை வாங்கிப் போட்டு, 1887 கிறிஸ்துமஸ் அன்றைக்கு முதல் சாராயத்தை இறக்கியிருக்கிறார்கள்.

சாராயம் என்றுதான் சொல்வேன். விஸ்கி என்றால் மரியாதை, சாராயம் என்றால் அசிங்கம் என்று நமக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான்.

உள்ளே ஆள் உயரத்துக்கு மேலே மரத்தொட்டிகள். பார்லித் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்களாம். சுற்றிக் காட்டிய பெண் மூடியைத் தூக்கி, "மெதுவா முகர்ந்து பாருங்க, ஆழமா இழுக்காதீங்க" என்றாள். குனிந்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது, கண்ணில் தண்ணீர். உள்ளே மஞ்சள் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புளித்த வாசம் வந்ததும் நான் ஸ்காட்லாந்தில் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கள்ளுக்கடை வாசலில், அரைக்கால் சட்டையோடு, அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி அம்மா அனுப்பிய பையனாக நின்றேன். பக்கத்தில் என் மனைவியும் குனிந்தாள். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சம்பளத்து அன்னைக்கு வர்ற வாசம்" என்றாள். மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், அவர் கோலாலம்பூர் பிள்ளை.

அந்தத் தொட்டியில் இருப்பது எட்டு ஒன்பது சதவீதம் போதைதான். கள்ளுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செம்புக் கொதிகலனில் இரண்டு முறை காய்ச்சினால் எழுபது சதவீதத்துக்குப் போகிறது. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுக்கிறார்கள். அது ஓடுவதைப் பித்தளையும் கண்ணாடியுமான ஒரு பூட்டிய பெட்டிக்குள் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு காலத்தில் அதன் சாவி வரி அதிகாரியிடம் இருந்ததாம். அப்புறம் ஓக் பீப்பாயில் மூன்று வருஷமாவது கிடந்தால்தான் சட்டப்படி அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். கிடக்கும்போது வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் காற்றோடு போய்விடும், அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். எங்கள் தோட்டமாக இருந்தால் அந்தப் பங்கு தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில்தான் கால் நின்றுவிட்டது. முளைகட்டிய பார்லியைத் தரையில் பரப்பி மண்வெட்டியால் நாள் முழுக்கப் புரட்டிப் போடும் வேலை ஒன்று உண்டு, பக்கத்து பால்வெனி ஆலையில் இன்றும் கொஞ்சம் நடக்கிறது. அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கி, கை தொங்கிப்போகுமாம். அதற்குக் குரங்குத் தோள் என்று பெயர். இப்போது கிராண்ட் குடும்பத்து நிறுவனமே 'மங்கி ஷோல்டர்' என்று அந்தப் பெயரில் ஒரு விஸ்கி விற்கிறது, போத்தலின் தோளில் மூன்று குரங்கு.

என் அப்பாவுக்கு வலது தோளில் ஒரு கட்டி இருக்கிறது, கோழி முட்டை அளவு. முப்பது வருஷம் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டு, மேட்டு நிரையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் தூக்கிய தோள். சட்டை எடுத்தால் இன்றும் தையல்காரர் அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுத் தைப்பார். அந்தத் தோளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, எந்தப் போத்தலிலும் அது இல்லை.

சாயங்காலம் கிளென்லிவெட். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் திருட்டுச் சாராயம் காய்ச்சிய இடம். 1823ல் சட்டத்தை மாற்றி, வரியைக் குறைத்து, 10 பவுண்ட் லைசன்ஸ் என்று வைத்தார்கள். அடுத்த வருஷமே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் லைசன்ஸ் எடுத்தார். அக்கம்பக்கத்துத் திருட்டுச் சாராயக்காரர்கள் ஆலையைக் கொளுத்துவோம் என்று மிரட்ட, மனுஷன் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிந்திருக்கிறார். நேற்றைய திருட்டுச் சாராய ஊர், இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பாரம்பரியம்!

பெரியம்மா மகனுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் அதன் கணக்கு எனக்குத் தெரியும், அம்மாவின் தாலி அடகுக்கடைக்கு எத்தனை முறை போனது என்றும் தெரியும். ஆனால் "நம்ம ஆளுங்க குடிகாரப் பயலுங்க" என்று நாமே சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கிராண்ட் குடும்பம் காய்ச்சியது, விற்றது, காசைத் தன் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போனது. நம் தோட்டத்தில் கள்ளுக்கடை யாருடையது? நிர்வாகமே லைசன்ஸ் எடுத்து நடத்திய கடை. ஒரு கையால் கூலி கொடுத்து, அதே சாயங்காலம் மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

அதையும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்கவில்லை. 1941ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. இங்கே நம்ம ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததும், 1947ல் இதே பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்கள் மேல் போலீஸ் பாய்ந்ததும் எத்தனை பேர் வீட்டில் பேசுகிறீர்கள்? என் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். அவர் மகன் குடித்தார், நம்ம வீட்டு விதி அப்படி.

கள்ளுக்கடை போனபின் மளிகைக்கடையில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்தது, சின்னச் சின்னப் போத்தலில், கடனுக்கு. கள்ளைவிடப் பல மடங்கு காட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் கேட்டதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து ஆட்கள் செத்தார்களே, அதில் வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக அளக்கிறார்களே அங்கே, அதைப் பார்த்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. லங்காவி போய் வரி இல்லாமல் இரண்டு போத்தல் வாங்கி, கண்ணாடி அலமாரியில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற நம் சொந்தக்காரர்கள்தான் எங்கப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சரி, அந்த விரல் நீளப் போத்தல். ஸ்காட்லாந்தில் 2014லிருந்து குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை, அதனால் கார் ஓட்டி வந்தவருக்குச் சுவைக்கக் கொடுப்பதைக் குட்டிப் போத்தலில் ஊற்றி மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். மருமகன் அதை அப்படியே என்னிடம் கொடுத்து, "தாத்தாவுக்கு" என்றார்.

அப்பா குடியை விட்டு இருபது வருஷமாகிறது. போத்தலைத் திறந்து, மூக்குக்கிட்ட வைத்து, ரொம்ப நேரம் முகர்ந்தார். குடிக்கவில்லை.

"நல்ல மர வாசம்டா. என்னா வெல?"

"பெரிய போத்தல் முந்நூறு, நானூறு வெள்ளி வரும்ப்பா."

மூடியைத் திருகி என்னிடமே நீட்டினார். "கடனுக்கு எழுதிக்குவானா?"