தாள் ஒட்டினால் மோட்டார் கருகுமா?

சீலிங் ஃபேன் இறக்கையில் பூப்போட்ட தாள் ஒட்டினால் பாரம் தாங்காமல் மோட்டார் கருகிவிடும் என்று இங்கே ஒரு கருத்து சுற்றி வருகிறது. பாரம் அப்படியொன்றும் ஏறாதுங்க.

ஏ4 தாள் கட்டின் உறையைப் பாருங்கள், பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம் என்றிருக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று பொருள். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால்தான் ஒரு சதுர மீட்டர். ஆக ஒரு தாள் 5 கிராம். இறக்கையின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். நம்பிக்கை வராவிட்டால், வெட்டிய தாள்களைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது சமநிலையை. ஒரு இறக்கையில் மட்டும் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் ஃபேன் ஆடக்கூடும். எல்லாத் துண்டும் ஒரே எடையா என்பதையும் அதே தராசு காட்டிவிடும். பாதி உரிந்து தொங்குகிற தாள், அது வேறு கதை.