முன்வரிசை வேண்டாம், பஞ்சும் போதாது
சென்னை சங்கமம் மாதிரி இலவச நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, காதில் பஞ்சு வைத்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பஞ்சு சில டெசிபலைத்தான் குறைக்கும், அதுவும் பறை, தவில் அடியின் கனத்த ஒலியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. ஹெட்போனில் கேட்கும் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கலாம் என்ற நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 90 டெசிபல் என்றால் ஒன்றேகால் மணி நேரத்திலேயே வாரக் கணக்கு தீர்ந்துவிடும். வாங்க வேண்டியது காதை முழுசாக மூடும் குழந்தைகளுக்கான இயர்மஃப். ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், காதோர முடியையும் ஒதுக்கிவிடுங்கள். குஷன் தோலோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி இருந்தாலும் சத்தம் உள்ளே வந்துவிடும். கச்சேரி தொடங்கும் முன்பே மாட்டுங்கள், மிரண்ட பிறகு மாட்ட விடமாட்டார்கள். காதுக்குள் செருகும் ஃபோம் அடைப்பான் சிறு குழந்தைக்கு வேண்டாம், காதில் சரியாகப் பொருந்தாது, வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. இடம் என்றால் ஒலிக்கலவை மேசைக்கு (ஒலியமைப்பாளர் சத்தத்தைச் சரிசெய்யும் இடம்) பின்னால், ஓரமாக. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் நடுமைதானத்தில் இரண்டாவது ஸ்பீக்கர் வரிசை கட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அதையும் தாண்டிப் போக வேண்டும். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளச் சிலர் சொல்கிறார்கள். மேடைக்கு அருகில் அதைச் செய்யாதீர்கள், கூட்டத்தின் தலைகள் தடுக்கும் கூர்மையான ஒலி நேராகப் பிள்ளையின் காதுக்குப் போகும்.