பெயின்ட் வாளியைக் கடைசியில் திறவுங்கள்

குடியிருந்தவர் சாவியைக் கொடுத்த மறுநாளே பெயின்ட் கடைக்கு ஓடும் வழக்கம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்களிடம் வேரூன்றிவிட்டது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் (தனியாக ஒரு சின்ன வீடு) கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பெயின்ட் கடைசி வேலை. அதை முதலில் முடித்தால் அடுத்த மழைக்காலத்தில் சுவர் மறுபடி பூஞ்சை பிடிக்கும். புதிதாக வந்தவர் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

உண்மையான முதல் வேலை வீடு காலியாகும் முன்பே வருகிறது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்தே வீட்டைப் பார்வையிட வேண்டும். வீட்டுக்காரர் இதைச் செய்யாவிட்டால், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு டெபாசிட்டில் பழுதுக்கென்று ஒரு காசு பிடிக்க முடியாது. முழு டெபாசிட்டையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடித்தம் எதுவும் இல்லையென்றால் 7 நாளில், பழுதுக்குப் பிடித்தால் மீதியை 14 நாளில் தர வேண்டும். பழுதுபார்த்த ரசீதுகளைக் குடியிருந்தவர் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும். "சொந்தக்காரப் பையன்தானே, பேப்பர் எதற்கு?" என்று விடுகிற இடத்தில்தான் பணமும் போய் உறவும் முறிகிறது. இன்னொன்று: வெயிலில் மங்கிய பெயின்ட்டும் நடந்து தேய்ந்த தரையும் சாதாரணத் தேய்மானம். அதற்கு டெபாசிட்டில் கை வைப்பது தப்பு.

அன்றே தண்ணீர், கரன்ட் மீட்டர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரீபெய்டு மீட்டர் வெகுநாள் சும்மா கிடந்திருந்தால் ஒரு டோக்கன் (கரன்ட் வாங்கும்போது தரும் எண்) போட்டுப் பாருங்கள். 24 நவம்பர் 2024-க்குள் புதிய குறியீடு ஏற்றப்படாத மீட்டர் புது டோக்கனை வாங்காது.

வீடு காலியானதும் தண்ணீர். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான். தொட்டியில் கொஞ்சம் கேசரி கலர் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் ரப்பர் வாஷர் போய்விட்டது. சின்னச் சாமான்தான், ஆனால் மாதக்கணக்கில் பில்லை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

கீசரை ஒரு பிளம்பரிடம் காட்டுங்கள். பிரஷர் வால்வு, பாதுகாப்பு வால்வு, சூடு, குளிர் இரண்டு குழாயிலும் வேக்வம் பிரேக்கர் (தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் தடுப்பது), அடியில் தட்டு, தட்டிலிருந்து வெளியே போகும் குழாய் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத கீசர் வெடித்து வீடு நனைந்தால் இன்சூரன்ஸ்காரர் பணம் தர மறுக்கலாம். தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். மெயின் தண்ணீரை அடைத்திருந்தீர்கள் என்றால், சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே கீசர் சுவிட்சைப் போட வேண்டும். காலிக் கீசரில் எலிமென்ட் கருகிவிடும். டிபி போர்டில் (வீட்டு மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) எர்த் லீக்கேஜின், அதாவது கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்சின், டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் டக்கென்று விழாவிட்டால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை யாரையும் குடிவைக்காதீர்கள்.

அடுத்தது சுவர். நம் ஊர்க் கடற்கரை ஈரத்துக்குப் பூஞ்சை சகஜம், ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தோடு நின்று, உப்புப் பூத்த கோடு விட்டிருக்கும். மேல் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகள் இருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு அடி சதுர அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, மழைநீர்க் குழாயையும் அடித்தளத்தையும் பாருங்கள். பூஞ்சைக்கு ஒரு பங்கு ஜிக் (ப்ளீச்), நாலு பங்கு தண்ணீர். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அமோனியா கலந்த எதையும் அதோடு சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை வரும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கறை உண்டு, விளக்கு ஏற்றிய மூலையில் படிந்த எண்ணெய்ப் புகைக்கரி. அதன் மேல் பிவிஏ என்கிற தண்ணீர்ப் பெயின்ட் எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சளும் பழுப்புமாக வெளியே வரும், ஏனென்றால் தண்ணீர்ப் பெயின்ட் அந்தக் கறையைக் கரைத்து மேலே இழுக்கிறது. சுகர் சோப் (பெயின்ட்டுக்கு முன் சுவர் கழுவும் சோப்பு) போட்டுக் கழுவி, காயவிட்டு, கறையை அடைக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகே பெயின்ட். அடுப்புக்கு மேல் தாளிப்புப் படிந்த சுவருக்கும் இதே வைத்தியம்.

கரப்பான் பூச்சிக்கு ஜெல் வைப்பதும் பூட்டு சிலிண்டரை மாற்றுவதும் ஒரு காலையில் முடிகிற வேலை. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பூச்சி ஜெல்லைத் தின்னாது.

இப்போது பெயின்ட். மூன்றுக்கு நாலு மீட்டர் அறையில், கதவு ஜன்னல் கழித்து சுமார் 30 சதுர மீட்டர் சுவர் இருக்கும். லிட்டருக்கு எட்டு முதல் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் கழுவக்கூடிய அக்ரிலிக் வாங்குங்கள். அங்கே மலிவான பிவிஏ அடிப்பது வீண்செலவு. பெயின்ட் காய்ந்ததும் புதிதாக வருகிறவரோடு மறுபடி ஒரு சுற்று. மிச்சமிருக்கும் குறைகளை இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.