சுழற்சி வடிவம் ஒன்றானால் கான்ஜுகேட் ஆகிவிடுமா?

"சுழற்சி வடிவம் ஒன்றாக இருந்தால் இரண்டு வரிசைமாற்றங்களும் எந்தக் குலத்திலும் கான்ஜுகேட்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சுழற்சி வடிவம் என்பது வரிசைமாற்றம் எந்தெந்த நீளமுள்ள சுழற்சிகளாகப் பிரிகிறது என்பது. குலத்தின் ஏதாவது ஓர் உறுப்பு க-வை வைத்து க ப க⁻¹ = ம என்று ப-வை ம-வாக மாற்ற முடிந்தால், ப, ம இரண்டும் அந்தக் குலத்தில் கான்ஜுகேட். "எந்தக் குலத்திலும்" என்ற சொல்லில்தான் பிழை. அந்த விதி எல்லா வரிசைமாற்றங்களும் அடங்கிய முழுச் சமச்சீர் குலத்துக்கு உரியது. உட்குலத்துக்குள் போனால், மாற்றித் தரும் உறுப்பும் அதற்குள்ளேயே கிடைக்க வேண்டும்.

4 எண்களின் மீதான ஆல்டர்னேட்டிங் குலத்தையே பாருங்கள்; இரட்டை வரிசைமாற்றங்கள், அதாவது இரட்டைப்படை எண்ணிக்கையிலான இடமாற்றங்களால் ஆனவை, மட்டுமே அதில் உண்டு. (1 2 3), (1 3 2) இரண்டும் அதில் உண்டு. க(1 2 3)க⁻¹ என்பது (க(1) க(2) க(3)). இது (1 3 2) ஆக வேண்டுமானால் 4 அசையக் கூடாது. க என்பது (2 3), (1 3), (1 2) மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மூன்றுமே ஒற்றை வரிசைமாற்றங்கள், இந்தக் குலத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இரண்டும் இங்கே கான்ஜுகேட் அல்ல. எண்ணிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: நீளம் 3 உள்ள சுழற்சிகள் மொத்தம் 8, குலத்தின் வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை) 12. ஒரு கான்ஜுகேட் வகுப்பின் அளவு குலத்தின் வரிசையை வகுக்க வேண்டும், 8 வகுக்காது. நான்கு நான்காகப் பிரிகின்றன.

5 எண்களுக்குப் போனால் இதே (1 2 3), (1 3 2) கான்ஜுகேட் ஆகிவிடுகின்றன. காரணம், (2 3) உடன் (4 5)-ஐப் பெருக்கினால் இரட்டை வரிசைமாற்றம் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் அங்கே நீளம் 5 உள்ள 24 சுழற்சிகள் 12, 12 ஆக உடைகின்றன.

தேர்வுக்குப் படிப்பவர்கள் எந்தக் குலத்தில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.