கேள்வியை மறைத்துவிட்டுச் சதவீதத்தை மட்டும் நீட்டாதீர்கள்

எந்தக் கருத்துக்கணிப்பின் முடிவைப் பார்த்தாலும் ஒரு சதவீதம் கொட்டை எழுத்தில் நிற்கிறது. ஆனால் எத்தனை பேரிடம் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் பதிலளிக்க மறுத்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக என்ன வார்த்தைகளில் கேட்டார்கள் என்பது கடைசிப் பக்கம் வரை தேடினாலும் கிடைப்பதில்லை. கேள்வியைக் காட்டாதவர்களின் பதிலை நான் எதை வைத்து நம்புவது?

கேள்விகள் கண்ணில் படும்போதோ கோபம் இன்னும் ஏறுகிறது. "எங்கள் சேவையின் வேகமும் பணியாளர்களின் அணுகுமுறையும் திருப்தி அளித்தனவா?" என்று ஒரே மூச்சில் இரண்டைக் கேட்கிறார்கள். வேகம் நன்று, அணுகுமுறை மோசம் என்று நினைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 'மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, பரவாயில்லை, மோசம்' என்று குறை சொல்ல ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். 'தெரியாது' என்று சொல்ல வழியில்லை. எதையாவது அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்கும் போக முடியாது. அப்படி வேறு வழியின்றி அழுத்தியதுதான் பிறகு 'வாடிக்கையாளர்களின் கருத்து' என்று அறிக்கையில் ஏறுகிறது. வெளியிடுமுன் பத்துப் பேரிடம் கொடுத்துச் சோதித்திருந்தால்கூட இந்தக் குறைகள் தெரிந்திருக்கும். அந்தப் பொறுமைகூட இல்லாதவர்கள் ஏன் அடுத்தவர் நேரத்தைக் கேட்கிறார்கள்?

"ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றனர்" என்ற பெருமை வேறு! 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட அதிபர் ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், பதில் அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததும் அந்தக் கணிப்பைக் கவிழ்த்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் இணைப்பைப் பொதுவில் போட்டுவிட்டு, விரும்பி வந்தவர்களின் பதிலை 'மக்களின் தீர்ப்பு' என்கிறார்களே, இது எவ்வளவு பெரிய அநியாயம்!

யாரிடம் கேட்பது என்பதை முறையாகத் தேர்ந்தெடுத்தவர்களும் அறிக்கை எழுதும்போது சறுக்குகிறார்கள். தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டாலே, முடிவு உண்மை நிலையைவிட ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள் வரை கூடவோ குறையவோ வாய்ப்புண்டு; இதுதான் பிழை எல்லை. அப்படியிருக்க, ஆதரவு 40லிருந்து 42 ஆனதை 'ஏறுமுகம்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதே. அந்த ஆயிரத்துக்குள் இளைஞர்கள் 100 பேர்தான் என்றால் பிழை எல்லை சுமார் 10 புள்ளிகளாக விரிகிறது. அதைச் சொல்லாமல் 'இளைஞர்களின் மனநிலை' என்று தனிக் கட்டுரையே எழுதிவிடுகிறார்கள்.