யன்னலைச் சாத்தச் சொல்வது பதிலாகாது

சனிக்கிழமை எங்கள் தொடர்மாடியின் பின்பக்கம் குப்பைக்கு நெருப்பு வைத்ததையும், அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதிய பதிவின் கீழ் நடந்த வாக்குவாதத்தையும் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். "புகை ஒத்துவராவிட்டால் யன்னலைச் சாத்துங்கோ" என்ற பதிலில் தொடங்கி, அங்கே வந்த மற்றப் பதில்களுக்கும் இங்கே எழுதுகிறேன். யன்னலைச் சாத்தச் சொன்ன பதிலுக்கு விருப்பக்குறி இட்டவர்களில், என் மகளுக்கு மூச்சுமுட்டு வந்த இரவில் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துத் தந்தவரும் இருக்கிறார் என்பது எனக்கு வலிக்கிறது.

யன்னலைச் சாத்தினால் புகை நிற்காது. அதிலுள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்தவை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கதவிடுக்கால் நுழைந்து, நுரையீரலின் அடிவரை இறங்கி, இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. அத்தோடு சாத்திய அறைக்குள் நாமே கொளுத்துவதும் சேர்கிறது. ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. எங்கள் வீட்டில் சுருளையும் சாம்பிராணியையும் நிறுத்திவிட்டு யன்னல்களுக்கு வலை அடித்தது, அவற்றைத் திறந்து வைப்பதற்காகத்தான். வெள்ளவத்தையில் கடற்காற்று வரும் வீட்டில் இருந்துகொண்டு, இன்னொருவர் எரிக்கும் பொலித்தீனுக்காக நான் ஏன் அதைச் சாத்த வேண்டும்?

"இது இந்தியாவிலிருந்து வரும் காற்று, எங்களால் என்ன செய்ய முடியும்" என்றார் ஒருவர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அப்படி வருவது உண்மை. 2022 டிசம்பர் 9 ஆம் திகதி காற்று மோசமானதால் பாடசாலைகளையே மூடினார்கள். ஆனால் சனிக்கிழமை எரிந்த மதிய உணவுப் பொதிகளும் ரெஜிஃபோம் பெட்டிகளும் பாக்குநீரிணையைக் கடந்து வரவில்லை. அவை நாங்கள் சாப்பிட்டுவிட்டு எறிந்தவை. வாகனப் புகையைப் பற்றிப் பேசாமல் குப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தும் காலி வீதியில் கரும்புகை கக்கும் பஸ்கள் ஓடுவது எனக்கும் தெரியும். அந்தப் பஸ்ஸை என்னால் இன்று நிறுத்த முடியாது. இந்த நெருப்பை நாம் எல்லோரும் இன்றே நிறுத்தலாம்.

"ஊரில் காலங்காலமாக எரித்தவர்கள்தானே, எங்களுக்கு என்ன நடந்தது" என்ற கேள்விதான் என்னை மிகவும் நோகடித்தது. என் அம்மா வடமராட்சியில் புகைபோக்கி இல்லாத குசினியில், ஈரவிறகை ஊதி ஊதிச் சமைத்து எங்களை வளர்த்தவர். ஒரு சுருட்டைக்கூடத் தொடாத அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்த வைத்தியர், "புகை பிடிக்கிறவரா" என்று எங்களிடம் கேட்டார். வீட்டுக்குள் எழும் அடுப்புப்புகையால் 2020 இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்கள், தங்கள் அம்மம்மாமார் எதனால் இருமினார்கள் என்று ஒருமுறையாவது விசாரித்திருக்கிறார்களா? 2022 இல் எரிவாயு இல்லாமல் பல்கனிகளில் விறகு மூட்டியது வேறு; அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. உக்குவதை வேறாகவும் பொலித்தீனை வேறாகவும் பிரித்து வைத்தால் குப்பை வண்டி எடுத்துச் செல்கிறது. பிரிக்கப் பஞ்சிப்பட்டுத்தான் எரிக்கிறோம்.

"பாவம், அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் வேலைக்கு உலை வைக்கிறீர்கள்" என்றும் எழுதியிருந்தார்கள். அவரை நான் குற்றம் சாட்டவே இல்லை. எரிக்கச் சொன்னவர்கள் மேல்மாடியில் இருக்க, தடியால் நெருப்பைக் கிளறிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் அவர். முதல் மூச்சு அவருடையது. அவர்மீது உண்மையிலேயே இரக்கம் இருந்தால் அந்தத் தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்திருக்க மாட்டீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பது தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 இலேயே வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. பிடிபட்டால் மாட்டப்போவதும் அவர்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கப் போகிறேன்: பின்காணியில் எதையும் எரிக்கக்கூடாது, இலைகுழைகளை உக்க வைக்க மதிலோரம் ஒரு தொட்டி கட்ட வேண்டும். செலவில் பாதியை நான் தருகிறேன். "பிள்ளையைக் காட்டி அனுதாபம் தேடுகிறார்" என்று எழுதியவரும் தயவுசெய்து வரட்டும். கீழ்மாடியில் அவருடைய தாயார் அதே புகையில் இருமும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கிறது.