எனக்குப் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்

நம் சனிக்கிழமை சினிமாக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு நாட்களாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை என் சொந்த மச்சானே அதை எனக்கு அனுப்பி, கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நான் சொன்னது இவ்வளவுதான்: டான் பிரவுனின் 'டா வின்சி கோட்' நாவலைப் படமாக்கியதில் ரான் ஹோவர்ட் சறுக்கிவிட்டார், அது பயந்து பயந்து எடுத்த படம். அதற்கு வந்த பதில்: "அண்ணன் என்ன இருந்தாலும் வேதக்காரர் இல்லையா, அவருக்கு வலிக்கத்தானே செய்யும்." கூட்டத்தில் நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்.

தம்பி, எனக்கு வலிக்கவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. இரண்டும் வேறு வேறு.

'பயந்த படம்' என்றேன். 'புண்படுத்திய படம்' என்று சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள உங்களுக்கு என் ஞானஸ்நானப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

நாவலில் வரலாற்றாசிரியர் டீபிங்கின் மாளிகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் லாங்டனும் டீபிங்கும், லாங்டனோடு வந்த சோஃபியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, மகதலா மரியா இயேசுவின் மனைவி, வாரிசு உண்டு, திருச்சபை மறைத்துவிட்டது என்று மாற்றி மாற்றிப் பாடம் எடுப்பார்கள். இருவரும் ஒரே கட்சி. படத்தில் லாங்டன் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டார். டீபிங்காக வரும் இயன் மெக்கெல்லன் ஊன்றுகோல்களோடு அறையெங்கும் அலைந்து அனுபவித்து ஒரு வரி சொல்வார். உடனே லாங்டனாக வரும் டாம் ஹாங்க்ஸ், 'அதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது' என்கிற தோரணையில் குறுக்கே விழுவார். (மெக்கெல்லன் இல்லையென்றால் நான் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.) கடைசியில் சோஃபியிடம் அதே லாங்டன், எதை நம்புகிறோம் என்பதுதான் முக்கியம் என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கிளம்புகிறார். செருப்போடு கோவிலுக்குள் போகவும் துணிச்சல் இல்லை, செருப்பைக் கழற்றவும் மனம் இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற படம் இது.

2006 மே மாதம் கான் பட விழாவில் பத்திரிகையாளர்களுக்குத் திரையிட்டபோது, சோஃபி யார் என்கிற உச்சக்கட்ட ரகசியம் உடைகிற வசனத்துக்கே அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர்கள் எல்லாரும் வேதக்காரர்களா?

சரி, நாவல் மட்டும் பெரிய இலக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. நான் எங்கே சொன்னேன்? முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, கதையில் அந்த ரகசியத்தைக் காக்கிற சியோன் மடம் 1099இல் தொடங்கிய ரகசிய சபை என்று டான் பிரவுன் எழுதியது சுத்தப் புளுகு. 1956இல் பியர் பிளான்டார் என்பவரும் அவருடைய நண்பர்களும் பிரான்சில் பதிவு செய்த சங்கம் அது. பழங்கால ஆவணம் என்று சொல்லப்பட்டதெல்லாம் 1960களில் போலியாகத் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் செருகிவைத்த தாள்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். பொய் என்று தெரிந்த கதையை ரசிக்கக்கூடாது என்றால் நம்மில் எவனும் பாட்டி மடியில் படுத்திருக்க முடியாது.

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே நடைபாதையில் வாங்கிய திருட்டுப் பதிப்பு. காகிதம் அப்பளம் மாதிரி இருக்கும். கிரிப்டெக்ஸை, அதாவது எழுத்துப் பூட்டுப் போட்ட அந்த உருளையை, திறக்கப் போகிற இடம் வந்ததும், அதற்கு முந்தைய 32 பக்கங்களே மறுபடி அச்சாகியிருந்தன. வேண்டிய 32 பக்கங்களைக் காணோம். இரவு ஒரு மணி. ஐந்து எழுத்துச் சொல் என்று மட்டும் தெரியும். தவறாக முறுக்கினால் உள்ளே இருக்கும் வினிகர்க் குப்பி உடைந்து காகிதம் கூழாகிவிடும். நானும் அறைத்தோழனும் நோட்டு அட்டையைக் கீற்றுகளாக வெட்டி, 26 எழுத்துகளையும் எழுதி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'மரியா'வை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து எழுத்து என்று அவன் கட்டிலில் எழுந்து குதித்தான். விடை அதுவல்ல. எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறொருவனின் பிரதியை இரவல் வாங்கித்தான் ஒரு வாரம் கழித்து 'சோஃபியா' என்று தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த ஒரு வாரம் இருக்கிறதே!

அந்த நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாசகன் கையில் ஒரு பூட்டைக் கொடுத்துவிட்டு, திறக்கும்வரை தவிக்கவிடுவது. படத்தில் என்ன செய்தார்கள்? எழுத்துகள் தாமாகவே ஒளிர்ந்து, லாங்டன் கண்ணுக்கு விடை துலங்குகிறது. நியூட்டன் கல்லறைக் காட்சியில் கோளங்கள் அந்தரத்தில் மிதக்கின்றன. நாம் முறுக்கிப் பார்க்க எதுவுமே இல்லை. வேறொருவர் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவதைத் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டரை மணி நேரம் பார்த்த மாதிரி இருந்தது. விடுதி அறையில் எட்டுப் பேர் திருட்டு வட்டில் பார்த்தோம். இரண்டாவது வட்டு போடும்போது விழித்திருந்தவர்கள் ஐந்து பேர்.

திருட்டு வட்டு ஏன் என்றால், தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்து, கற்பனைக் கதை என்கிற அறிவிப்போடு அனுமதித்த படத்தைத் தமிழ்நாடு அரசு இரண்டு மாதத்துக்கு நிறுத்திவைத்திருந்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த உத்தரவை ரத்து செய்தார். அந்தத் தடைக்கு எதிராக விடுதிச் சுவரொட்டிப் பலகையில் எழுதி ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த ஞாயிறு எங்கள் ஊர்க் கோவிலில் ஃபாதர் பிரசங்கத்தில் அந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்றார். நான் அதைப் படிப்பது எப்படியோ தெரிந்து, பூசை முடிந்ததும் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் தலைவர் என் அப்பாவை ஓரமாக அழைத்துப் பேசினார். அப்பா என்னிடம் நான்கு நாட்கள் பேசவில்லை.

அம்மா மட்டும் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "மாதாவைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதியிருக்கிறானாப்பா?"

"மாதா இல்லை அம்மா, மகதலா மரியா."

"அவளா? பாவம், அவளைப் பற்றித்தான் எல்லாரும் ஏற்கெனவே இல்லாததும் பொல்லாததும் சொல்லியாயிற்றே. இவன் என்ன சொல்கிறான்?"

"இயேசுவுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று என்கிறான்."

அம்மா கொஞ்ச நேரம் வெங்காயம் நறுக்கினாள். "அப்பா காதில் விழாமல் படி" என்றாள்.

591இல் ஒரு போப் தன் மறையுரையில் அவளையும் லூக்கா நற்செய்தியில் வரும் பாவியான பெண்ணையும் ஒருத்தியே என்று சொன்னதிலிருந்துதான் அந்த அவப்பெயர் நிலைத்தது. 2016இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22ஐ அவளுடைய திருவிழாவாக உயர்த்தினார். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருந்தது. அந்தப் படத்தில் வேலை பார்த்த அத்தனை பேரையும்விட.

"76 கோடி டாலர் வசூலித்த படம் எப்படித் தோல்வி?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். ஐயா, தோல்வி என்று நான் சொல்லவில்லை. மோசம் என்றேன்.

"நாவல் வேறு, சினிமா வேறு" என்கிறார் இன்னொருவர். மாற்றாதே என்று நான் கேட்கவில்லை. துணிச்சலோடு மாற்று என்கிறேன். அதே டான் பிரவுன் எழுதி, அதே ரான் ஹோவர்ட் எடுத்த 'இன்ஃபெர்னோ'வில் என்ன ஆயிற்று? நாவலில் கிருமி ஏற்கெனவே பரவிவிட்டது, மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்கு மலடாகிவிட்டது, எல்லாரும் பிந்திவிட்டார்கள். அந்த முடிவுதான் அந்த நாவலை நிமிர்த்தியது. 2016இல் வந்த படத்தில் இஸ்தான்புல் நிலவறை நீர்த்தொட்டியில் கடைசி நிமிடத்தில் கிருமியைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். சுபம். இதிலே மதமும் இல்லை, மாதாவும் இல்லை. இதையும் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே எனக்கு எந்த இடத்தில் வலித்தது என்று சொல்லுங்கள்.

இப்போது ஆறாவது லாங்டன் நாவலும் தொடராக வரப்போகிறதாம். வரட்டும். எழுதத்தான் போகிறேன்.

நேர்மையாக எதிர்த்தவர்களை எனக்குப் பிடிக்கும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் 'டா வின்சி கோட்' படப்பிடிப்புக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. லிங்கன் பேராலயம் ஒரு லட்சம் பவுண்டு நன்கொடை வாங்கிக்கொண்டு அனுமதித்தது. அங்கே ஒரு கன்னியாஸ்திரி வெளியே 12 மணி நேரம் மண்டியிட்டுச் செபித்தார். அந்த அம்மாள் சொல்வது எனக்கு ஏற்புடையது அல்ல, ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிகிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? பதினெட்டு வருடமாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். ஈரானியப் படத்தைப் பற்றிப் பேசினால் ரசிகன். கொரியப் படத்தைப் பற்றிப் பேசினால் ரசிகன். இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் வேதக்காரன். அன்றைக்குக் கோவில் வாசலில் கேட்டதும், சனிக்கிழமை உங்கள் வாயிலிருந்து கேட்டதும் ஒன்றுதான்: நீ யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் சொல், அப்புறம் பேசு.

மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை என்னிடமிருந்து வாங்கிப் போன புத்தகத்தை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். அது அதே நடைபாதைப் பிரதிதான், முதுகில் பசை விட்டுவிட்டது, அழுத்தி விரிக்காதீர்கள். நடுவில் அட்டைக் கீற்றுகள் ஐந்து இருக்கும். அவற்றையும் சேர்த்து.